தனியாக வாழும் பெரியம்மாவின் வீட்டுக்கு எத்தனை பூட்டு?

வாசகர் கேள்வி: என் பெரியம்மாவுக்கு 78 வயது. பெரியப்பா காலமானபின் நான்கு ஆண்டுகளாகத் தம் வீட்டில் தனியாகவே இருக்கிறார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று எத்தனை முறை அழைத்தாலும் மறுக்கிறார். சென்ற மாதம் பக்கத்து வீட்டில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. வாசலுக்கு இரும்பு கிரில் கதவு, மரக்கதவுக்கு மூன்று பூட்டு, வீட்டுக்கு உள்ளும் வெளியிலுமாக ஆறு கேமரா என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். இரண்டு மாதங்களுக்கு முன் அவர் குளியலறையில் விழுந்ததும், ஒரு மணி நேரம் கழித்துத் தாமாகவே எழுந்ததும் இப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. கேமரா என்றாலே கோபப்படுகிறார். பட்டியலில் எதைச் சேர்க்கலாம், எதைக் குறைக்கலாம்?

ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை திரும்பிப் படித்த வரி, திருட்டைப் பற்றியது அன்று. ஒரு மணி நேரம் கழித்துத் தாமாகவே எழுந்தார் என்பதுதான். நீங்கள் போட்டிருக்கும் பட்டியலில் உள்ள எல்லாமே வெளியாரைத் தடுப்பவை. விழுந்து கிடப்பவரை எழுப்ப வருபவரும் அந்தக் கதவுக்கு ஒரு வெளியார்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் உயிரிழக்கிறார்கள். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. திருடனை நினைத்து அஞ்ச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருடனுக்காகச் செய்யும் ஏற்பாடு, உதவிக்கு வருபவரின் வழியை அடைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்கு ஆலோசனை சொல்லப் போயிருந்தேன். அவ்வீட்டுப் பெரியவர் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் இடையில் விழுந்து கிடந்திருக்கிறார். மகளிடம் சாவி இருந்தது. முதல் பூட்டு திறந்தது, இரண்டாவதும் திறந்தது, ஆனால் கதவு திறக்கவில்லை. உள்ளே மேல்தாழ்ப்பாளும் நடுத்தாழ்ப்பாளும் போடப்பட்டிருந்தன. தச்சரைத் தேடிப் பிடித்து, கதவுப் பலகையை அறுத்து உள்ளே போவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அப்பா உள்ளிருந்து பேசிக்கொண்டே இருந்தார் என்று மகள் சொன்னார். நான் போனபோது மாற்றிய பலகையில் வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை. தாழ்ப்பாள் இரண்டும் அதே இடத்தில் அப்படியே இருந்தன.

ஆகவே வாசற்கதவிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். உள்ளே இருப்பவர் சாவியைத் தேடாமல், இருட்டிலும் பதற்றத்திலும் ஒரே கையால் திறந்து வெளியேற முடியுமா? சாவி வைத்திருக்கும் நம்பிக்கையான ஒருவர், உள்ளிருப்பவரின் உதவி இல்லாமல் திறந்து உள்ளே போக முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லும் கதவுக்கு நல்ல பூட்டு ஒன்றே போதும். உள்பக்கம் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு வேண்டாம். திருகினால் திறக்கும் குமிழ் இருக்க வேண்டும். தீப்பிடித்த வீட்டில் புகைக்கு நடுவே சாவித்துளையைத் தேட நேரமிருக்காது. அந்தப் பூட்டின் நாக்கு நிலைச்சட்டத்துக்குள் 25 மில்லிமீட்டராவது இறங்கட்டும். நாக்கு போய் உட்காரும் தகட்டைப் பலரும் கவனிப்பதில்லை. விலையுயர்ந்த பூட்டை வாங்கிவிட்டு, அதன் தகட்டை விரல்நகம் நீளத் திருகாணிகளால் நிலையில் பொருத்தி வைத்திருப்பார்கள். கதவை நெம்பும்போதோ உதைக்கும்போதோ முதலில் பிளப்பது பூட்டு அன்று, அந்தத் தகட்டைச் சுற்றியுள்ள மரம்தான். 75 மில்லிமீட்டர் நீளமுள்ள திருகாணிகளைப் போட்டு, நிலையைத் தாண்டிச் சுவர்வரை பிடிமானம் கிடைக்கச் செய்தால், அந்த ஒரு வேலை உங்கள் மூன்று பூட்டுகளைவிட அதிகப் பயன் தரும்.

தாழ்ப்பாளை என்ன செய்வது? பெரியம்மா இத்தனை ஆண்டுகளாக இரவில் தாழ்ப்பாள் போட்டுப் பழகியிருப்பார். அந்த ஓசையைக் கேட்டால்தான் அவருக்கு உறக்கம் வரும். அதைக் கழற்றச் சொன்னால் உங்களை உள்ளேயே விடமாட்டார். புதுப் பூட்டு வந்த பிறகு, அது தாழ்ப்பாளைவிட ஆழமாக நிலைக்குள் இறங்குவதை அவர் கையாலேயே திருகிப் பார்க்கச் செய்யுங்கள். ஒரு மாதம் பழகட்டும். அதன்பின் தாழ்ப்பாளை எடுப்பதா என்ற முடிவை அவரிடமே விடுங்கள். யார் வந்திருக்கிறார் என்று பார்ப்பதற்குச் சங்கிலியைவிடக் கதவில் பதிக்கும் பார்வைக்கண்ணாடி நல்லது. அதை உங்கள் உயரத்துக்கு வைக்காமல், சற்றே குனிந்து நிற்கும் அவருடைய கண் உயரத்துக்கு வையுங்கள். வெளியே நிற்பவரின் முகத்தில் படும்படி ஒரு விளக்கும் வேண்டும். கிரில் கதவு போடத்தான் வேண்டுமென்றால், தொங்கு பூட்டுக்குப் பதிலாக அதற்கும் இதே விதிகளைப் பின்பற்றும் பூட்டைப் பொருத்துங்கள். சன்னல்களுக்குக் கம்பி இருந்தால், படுக்கையறைச் சன்னலின் கம்பிச் சட்டமாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

மாற்றுச் சாவி ஒன்று உங்களிடமும், ஒன்று ஐந்து நிமிட நடைத் தொலைவில் உள்ள ஒருவரிடமும் இருக்க வேண்டும். சாவிக்கொத்தில் முகவரி எழுதாதீர்கள். மிதியடிக்கடியிலும் பூந்தொட்டிக்கடியிலும் சாவியை வைப்பது, சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். அருகில் நம்பகமானவர் இல்லையென்றால், எண்களை அழுத்தித் திறக்கும் சாவிப்பெட்டியைத் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் செங்கல் சுவரில் பதிக்கலாம். வேலைக்கு வருபவர் மாறும்போதெல்லாம் எண்ணையும் மாற்றிவிடுங்கள். விரல்ரேகைப் பூட்டு நன்றாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். வயதாக ஆகத் தோல் உலர்ந்து ரேகை தேய்வதால், பலமுறை வைத்தாலும் அது முதியவர்களின் விரலை ஏற்காமல் போவதுண்டு. அத்தகைய பூட்டை வாங்கினால், எண்ணாலும் சாதாரணச் சாவியாலும் திறக்கும் வகையாகப் பாருங்கள். பேட்டரி தீர்ந்த நாளில் சாவிதான் காப்பாற்றும்.

இனி குளியலறைக்கு வருவோம். முதலில் அதன் கதவைப் பாருங்கள். உள்பக்கமாகத் திறக்கும் கதவு என்றால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும். வெளியிலிருந்து தள்ளத் தள்ள அவருக்குத்தான் அடிபடும். கீலை மாற்றி வெளிப்பக்கமாகத் திறக்கும்படி செய்வது ஒருநாள் வேலை. தாழ்ப்பாளுக்குப் பதிலாக, அவசரத்தில் வெளியிலிருந்து ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறக்கும் பூட்டைப் போடுங்கள். கதவைத் தாழிடாமல் குளியுங்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். தனியாகவே இருந்தாலும் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை அவருடையது.

அடுத்து, சுவரைப் பாருங்கள். முதியவர் வாழும் வீட்டில் எங்கே கைப்பிடி வேண்டும் என்பதைச் சுவரே சொல்லிவிடும். தினமும் கை ஊன்றும் இடத்தில் சுண்ணாம்பு மங்கி, உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க்கறை போல ஒரு பளபளப்பு ஏறியிருக்கும். கழிப்பறைக்கு அருகில், வாசற்படி ஓரத்தில், கூடத்திலிருந்து திரும்பும் மூலையில் என்று அந்தக் கறைகளைத் தொடர்ந்து சென்றால் அவர் நடக்கும் பாதையின் வரைபடமே கிடைக்கும். துண்டு மாட்டும் கம்பியையும் சற்றே அசைத்துப் பாருங்கள். அது ஆடினால், அதன் அடியில் சிமெண்டுத் தூள் உதிர்ந்திருந்தால், பெரியம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார் என்று பொருள். அது துண்டின் எடையைத் தாங்கச் செய்தது, ஆளின் எடையைத் தாங்காது. பிடிப்பதற்கென்றே செய்த கைப்பிடிக் கம்பியைச் சுவருக்குள் ஆணிபதித்துப் பொருத்துங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் தரவிதி அதன் உயரத்தைத் தரையிலிருந்து 84 முதல் 91 சென்டிமீட்டர் வரை என்றும், அது ஏறத்தாழ 113 கிலோ பளுவைத் தாங்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் இடைவெளி போதும். அதற்கு மேல் போனால் கை வழுக்கும்போது முழங்கை உள்ளே சிக்கிக்கொள்ளும். அந்த உயரத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அவரை நிற்கவும் உட்காரவும் செய்து, அவர் கை இயல்பாகப் போகும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். உறிஞ்சிக் குமிழால் சுவர் டைல்ஸில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகள் கடையில் அழகாக இருக்கும். உடல் எடையை அவற்றிடம் ஒப்படைக்க வேண்டாம். ஈரத்தில் வழுக்காத தரையும், குளிக்கும்போது உட்கார ஓர் உறுதியான இருக்கையும் சேர்ந்தால் குளியலறையில் பெரும்பகுதி வேலை முடிந்தது.

வெந்நீர் தனி ஆபத்து. 60 டிகிரி செல்சியஸ் நீர் ஏறத்தாழ ஐந்து விநாடிகளில் ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும். 49 டிகிரி நீருக்கு அதே புண்ணை உண்டாக்கச் சில நிமிடங்கள் ஆகும். வயதானவர்களின் தோல் மெலிந்திருப்பதாலும், சூட்டை உணர்ந்து கையை இழுக்கத் தாமதமாவதாலும் இந்த வேறுபாடு அவர்களுக்குப் பெரிது. ஆனால் நீரைச் சேமித்து வைக்கும் சூடேற்றியின் வெப்பத்தை ஒரேயடியாகக் குறைத்தால், நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா அதில் வளரக்கூடும். தொட்டியில் 60 டிகிரி இருக்கட்டும். குழாய்க்கு வரும் வழியில் குளிர்ந்த நீரைக் கலந்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைப் பொருத்தச் சொல்லுங்கள். பிளம்பர் வரும்போதே எலக்ட்ரீஷியனையும் அழைத்து, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வீட்டில் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறைவரை உள்ள அந்தச் சில அடிகளுக்குத் தனிக் கவனம் தேவை. 60 வயதில் ஒருவரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்குப் போதுமான விடிவிளக்கு அவருக்கு இருட்டு. கால் தரையில் பட்டதும் தானாக எரியும் உணரி விளக்குகளைத் தரையை ஒட்டிப் பொருத்துங்கள். மேலிருந்து கண்ணில் அடிக்கும் விளக்கு கூச்சத்தைத்தான் தரும். வழியில் கிடக்கும் சிறு விரிப்பும் மின்வயரும் அகல வேண்டும். படுத்திருப்பவர் சட்டென எழுந்து நிற்கும்போது மேல் இரத்த அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரச அளவு அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவர்கள் அதை ஒரு குறைபாடாகவே கணக்கில் எடுப்பார்கள். தலை சுற்றி விழுவதற்கு அது முக்கியக் காரணம். கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கால்களை அசைத்துவிட்டு எழும் பழக்கம் பெரிதும் உதவும். அவர் விழுந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, சில ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவை தள்ளாட்டத்தைத் தரக்கூடியவை. எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின்னும் அவர் விழலாம். விழுந்தபின் எவ்வளவு நேரம் தரையில் கிடக்கிறார் என்பதுதான் பல நேரங்களில் மீதியைத் தீர்மானிக்கிறது. நீண்ட நேரம் ஒரே பக்கம் கிடந்தால் உடல்நீர் வற்றும், அழுத்தப்புண் வரும், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். 90 வயதைக் கடந்த 110 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்த கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. அந்த ஆண்டில் 66 பேர் விழுந்தார்கள். அவர்களில் 53 பேர் ஒரு முறையாவது தாமாக எழ முடியாமல் போனார்கள். 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தார்கள். உதவி கேட்டு அழுத்தும் பொத்தான் பலரிடம் இருந்தது. ஆனால் அப்படி நெடுநேரம் கிடந்த பெரும்பாலான வேளைகளில் அதை யாரும் அழுத்தவில்லை. பொத்தான் மேசை இழுப்பறையில் இருந்திருக்கும், அல்லது யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தோன்றியிருக்கும்.

எனவே பொத்தானை வாங்கித் தருவதோடு உங்கள் வேலை முடியவில்லை. நீர் புகாத, மணிக்கட்டில் கட்டும் வகையை வாங்குங்கள். குளிக்கப் போகும்போது கழற்றி வைப்பது, அது மிகவும் தேவைப்படும் இடத்தில் அதை இல்லாமல் செய்வதாகும். மாதம் ஒருமுறை அவரே அழுத்திப் பார்க்கட்டும். அழுத்தினால் முதலில் கேட்கும் குரல் உங்களுடையது என்று தெரிந்துவிட்டால் தயக்கம் பாதி குறையும். பொத்தான் பிடிக்காவிட்டால், தரையில் கிடந்தபடியே கை எட்டும் தாழ்வான பலகையில் ஒரு தொலைபேசியும், குளியலறையில் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரம்வரை தொங்கும் இழுகயிற்று மணியும் வையுங்கள். இயந்திரம் எதுவும் வேண்டாத ஏற்பாடும் உண்டு: காலையில் குறித்த நேரத்துக்குள் அவரிடமிருந்து ஓர் அழைப்பு. வராவிட்டால் நீங்கள் அழைப்பீர்கள். எடுக்காவிட்டால் சாவி வைத்திருப்பவர் கதவைத் தட்டுவார். பதில் இல்லாவிட்டால் திறந்து உள்ளே போவார். எத்தனை நிமிடத்தில் எது நடக்கும் என்று மூவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

தீயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கமான புகை எச்சரிக்கைக் கருவியின் ஒலி ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சொலி. முதுமையில் காது முதலில் இழப்பது அந்த உயர் அதிர்வெண்களைத்தான். 520 ஹெர்ட்ஸ் தாழ் ஒலி எழுப்பும் கருவிகள் உறங்கும் முதியவர்களை எழுப்புவதில் மேலானவை. கிடைத்தால் படுக்கையறைக்கு அதையே வாங்குங்கள். பத்தாண்டு பழகிய கருவியை, சத்தம் வந்தாலும், மாற்றிவிட வேண்டும். முகரும் திறனும் வயதோடு குறைவதால் எரிவாயுக் கசிவை அவர் மூக்கு கண்டுபிடிக்கும் என்று நம்ப வேண்டாம். சிலிண்டரில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது, அதன் உணரி தரைக்கு அருகில் இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு இலேசானது, அதற்குக் கூரைக்கு அருகில்.

கேமராவுக்கு வருகிறேன். பெரியம்மாவின் கோபம் நியாயமானது. தம் வீட்டில் எந்நேரமும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பதை நாம் யாரும் விரும்பமாட்டோம். விழுந்ததை அவர் ஏன் இரண்டு மாதம் மறைத்தார் என்று யோசித்துப் பாருங்கள். சொன்னால் வீட்டைவிட்டு அழைத்துப் போய்விடுவீர்கள் என்ற அச்சமாக இருக்கலாம். இந்த அச்சம் இருக்கும்வரை அவர் அடுத்த வீழ்ச்சியையும் மறைப்பார். விழுந்ததைச் சொன்னால் கைப்பிடி வரும், வீடு போகாது என்ற வாக்குறுதியை முதலில் கொடுங்கள். பிறகு அதைக் காப்பாற்றுங்கள்.

வீட்டுக்குள் கேமரா வேண்டாம். வாசலில் ஒன்று, பின்வாசலில் ஒன்று போதும். அழைப்பு மணியை அழுத்தியவர் யார் என்று அவரே திரையில் பார்க்கும்படி அமைந்தால் அது அவருக்கான கருவியாகிவிடும். வீட்டுக்குள் நடமாட்டம் இருக்கிறதா என்று மட்டும் அறிவிக்கும், படம் எடுக்காத உணரிகள் உண்டு. அதற்கும் அவர் சம்மதம் வேண்டும். கேமரா வந்த அன்றே, பெட்டியிலிருந்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். 2016-இல் மிராய் என்னும் தீநிரல், தயாரித்த நாளின் பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது.

கதவை உடைக்காமல் தொலைபேசி வழியாக வரும் திருடனையும் மறக்க வேண்டாம். பேரன் விபத்தில் சிக்கியிருக்கிறான், வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது என்று எந்த அழைப்பு வந்தாலும், துண்டித்துவிட்டு, தம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்கு அவர் திரும்ப அழைக்கட்டும். இப்போது குரலைக்கூடப் போலியாக உருவாக்கிவிடுகிறார்கள். குடும்பத்தினருக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை கேட்டால், இந்த வாரமே கைப்பிடி, குளியலறைக் கதவு, இரவு விளக்கு, காலை அழைப்பு, அடுத்து வாசற்கதவின் பூட்டும் தகடும், அதன்பின் மற்றவை. கிரில் கதவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு மாலையில் இதைச் செய்து பாருங்கள். பெரியம்மா இரவில் எப்படிப் பூட்டுவாரோ அப்படியே எல்லாவற்றையும் பூட்டட்டும். நீங்கள் மாற்றுச் சாவியோடு வெளியே நின்று, அவர் கை வைக்காமல் உள்ளே போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அடுத்து, வீட்டில் வேறொருவர் துணையாக அருகில் நிற்க, கட்டிலிலிருந்து எழுந்து ஒரு டார்ச் விளக்கோடு அவர் வெளியே வரட்டும். அதற்கும் நேரம் பாருங்கள். இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள், கிரில் கதவைப் பற்றி அப்போது பேசலாம்.